பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம், வேலையை எங்கிருந்து தொடங்குவது?

நங்கநல்லூரில் உங்கள் அப்பா 1989-ல் கட்டிய தனி வீடு, கீழ்த்தளமும் ஒரு மாடியும். இரண்டு பாத்ரூம், சமையலறை, தரை மூன்றையும் மாற்ற வேண்டும். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே பெரிய ஹாலாக்க வேண்டும். கையில் 15 லட்சம் இருக்கிறது. ஆவணியில் தொடங்கினால் பொங்கலுக்குள் முடியுமா, எஞ்சினியர் வேண்டுமா அல்லது தெரிந்த மேஸ்திரியே போதுமா, வயதான அப்பா அம்மாவோடு வீட்டிலேயே இருந்துகொண்டு வேலை பார்க்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸ் கடையிலும் மாடுலர் கிச்சன் கடையிலும் எஸ்டிமேட் வாங்கி வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். கேள்விகள் பல என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இருக்கிற பணத்தை எதில் முதலில் போடுவது?

சென்னையில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் சிவில் எஞ்சினியர் நான். என் பதில்: தண்ணீர், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, மின்சார ஒயர். இந்த மூன்றுக்கும் போக மீதி இருப்பதுதான் டைல்ஸுக்கும் கிச்சனுக்கும். நீங்கள் வாங்கியிருக்கும் இரண்டு எஸ்டிமேட்டும் கண்ணில் படுகிற பொருள்களுக்கானவை. வீட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் 15 லட்சம் போதுமா போதாதா என்று நானும் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஓரளவு பொருந்தும். பழைய வீட்டில் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கே செலவு வேறுபடும்.

எனவே முதல் வேலையாக, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வீட்டை மேலிருந்து கீழாக ஒரு முறை பாருங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, தட்டோடுகளின் இணைப்பில் பாசி படிந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். பிறகு கீழே வந்து ஒவ்வொரு அறையின் சீலிங்கையும் பாருங்கள். முக்கியமாக மேல் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங், போர்டிகோவின் அடிப்பக்கம், ஜன்னல்களுக்கு மேலே உள்ள சன்ஷேடுகள். பழுப்பு நிறத்தில் நீளக் கோடு போல விரிசல் தெரிந்தால், அந்தக் கோட்டுக்கு மேலே கம்பி ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மரக் கைப்பிடியால் சீலிங்கை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். கம்பியை விட்டுப் பிரிந்த இடம் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். எஞ்சினியர் வரும்போது இதைக் காட்டினால் அவர் பாதி வேலையை அங்கேயே தொடங்கிவிடுவார்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்தத் தள்ளலில்தான் கம்பிக்குக் கீழே உள்ள கான்கிரீட் பிளந்து பாளம் பாளமாக விழுகிறது. 80-களில் கட்டிய பல வீடுகளில் கம்பிக்கு அடியில் இருக்க வேண்டிய கான்கிரீட் கவர் போதுமான அளவு இருக்காது. மேலே பாத்ரூம் கசிவும் சேர்ந்தால் துரு வேகமெடுக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. நங்கநல்லூரில் அந்த அளவு உப்பு இல்லை, ஆனால் கசிவு இருந்தால் அதுவே போதும். விழுந்த இடத்தில் சிமென்ட்டைக் குழைத்து அப்பி, மேலே பெயிண்ட் அடிப்பதுதான் வழக்கமாக நடப்பது. அடுத்த ஓரிரு மழைக்காலத்தில் அது மறுபடி விழும். முறையாகச் செய்வதென்றால், பொள்ளலான கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, தேய்ந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த காரையால் மூட வேண்டும். அதற்கும் முன்னால் மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஈரம் ஊறும் சீலிங்குக்குக் கீழே தயவுசெய்து ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். கறை மறையும், மேலே கம்பி உங்களுக்குத் தெரியாமல் கரைந்துகொண்டே இருக்கும். கீழே படுத்திருப்பது உங்கள் பிள்ளைகள்.

ஒரு சீலிங்கில் அங்கங்கே நாலு இடம் பொள்ளல் என்றால் பழுதுபார்க்கலாம், கவலை வேண்டாம். எல்லா அறைகளிலும் பரவலாகக் கம்பி வெளியே தெரிகிறது என்றால் புதுப்பிக்கும் திட்டத்தையே நிறுத்திவைத்து, இடித்துக் கட்டுவதா என்று யோசிக்க வேண்டிய நிலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வீடுகள்தான் சிக்கலானவை. அங்கே நேரில் பார்த்த, சோதனைக் கருவிகளோடு வந்த ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சொல்வதே செல்லும்.

சுவர்களின் அடிப்பகுதியில் ஓதம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தால், ஈரம் தரையிலிருந்து மேலே ஏறுகிறது. பெயிண்ட்டின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு விலையுயர்ந்த புட்டியும் இந்தச் சுவரில் நிற்காது. சென்னையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலையைப் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீடுகள் இப்போது தெருவுக்குச் சமமாகவோ கீழாகவோ போய்விட்டன. 2015 டிசம்பரில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, 2023 மிக்ஜாம் புயலின்போது வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், புதுத் தரை போடுவதற்கு முன் தரை மட்டத்தைப் பற்றி முடிவு செய்தாக வேண்டும். வீட்டுக்குள் ஓர் அடி உயர்த்தலாமா என்று பலரும் கேட்பார்கள். உங்கள் சீலிங் பத்தடி உயரம் என்றால் ஒன்பதடி மிஞ்சும். வசிக்கும் அறைக்கு தேசியக் கட்டட விதி சொல்லும் குறைந்தபட்ச உயரமான 2.75 மீட்டருக்கு அது மயிரிழை குறைவாகவே வரும். ஆனால் கதவு நிலைகள், சுவிட்ச் போர்டுகள், ஜன்னல் உயரம், சமையல் மேடை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையும் சென்னையில் நடக்கிறது. சரியாகத் தூக்கிய வீடுகள் இருக்கின்றன. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது, 15 லட்சத்தில் அதையும் இதையும் சேர்த்துச் செய்யவும் முடியாது. தண்ணீர் வீட்டுக்குள் வந்ததே இல்லை என்றால் தரையை உயர்த்தும் பேச்சை மறந்துவிடுங்கள்.

சரி, சுவருக்கு வருவோம். மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு "எடுத்துடலாம் சார்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1989-ல் அந்தப் பகுதியில் கட்டிய பெரும்பாலான வீடுகள் செங்கல் சுவர்களே பாரம் தாங்கும் வகை. பில்லர், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் நடுச்சுவர் வெறும் தடுப்பு, எடுக்கலாம். பாரம் தாங்கும் வீட்டில் அந்தச் சுவரின் மேல்தான் மேல்தளமே உட்கார்ந்திருக்கும். வேறுபாட்டை ஓரளவு நீங்களே பார்க்கலாம். பூச்சோடு சேர்த்து சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். ஐந்தரை அங்குலம் அளவில் இருந்தால் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், பத்து அங்குலம் என்றால் ஒன்பது அங்குலச் சுவர். அதே இடத்தில் மாடியிலும் ஒரு சுவர் நிற்கிறதா என்று பாருங்கள். சீலிங்கில் அந்தச் சுவரின் தலைக்கு மேல் பீம் துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்பது அங்குலம், மேலேயும் சுவர், பீம் இல்லை என்றால் அது பாரச் சுவர்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மற்ற சேர்க்கைகளில் உறுதி கிடையாது. நாலரை அங்குலச் சுவரும் காலப்போக்கில் தளம் லேசாகத் தொய்ந்து பாரத்தை ஏற்றிக்கொண்டிருக்கலாம். மூலையில் பூச்சைக் கொத்திப் பார்த்தால்தான் உள்ளே பில்லர் இருக்கிறதா என்று தெரியும்.

பாரச் சுவரை எடுக்கவே முடியாது என்றில்லை. முதலில் மேல்தளத்துக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, சுவரின் தலைப்பில் இரும்பு ஐ-பீமோ (ஆங்கில I வடிவ உத்திரம்) கான்கிரீட் பீமோ செருகி, அதன் இரு முனைகளும் உட்காரும் இடத்தைப் பலப்படுத்தி, பிறகுதான் கீழே இடிக்க வேண்டும். பீம் அளவை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். ஆனால் என் யோசனை வேறு. சுவர் முழுவதையும் எடுக்காமல் இரு பக்கமும் ஒன்றரை, இரண்டடி விட்டு, நடுவில் ஐந்தாறு அடிக்குத் திறப்பு மட்டும் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் கிடைக்கும், ஹாலும் சாப்பாட்டு அறையும் சேர்ந்தது போலத் தெரியும், பீமும் சிறியதாகப் போகும். இந்தத் திறப்புக்கும் மேற்சொன்ன முட்டும் பீமும் உண்டு, அதை விடக் கூடாது. இன்னொன்று, பாரம் தாங்கும் வீட்டில் குறுக்குச் சுவர்கள் பக்கவாட்டு அசைவையும் தடுக்கின்றன. சென்னை 2002-ல்தான் நில அதிர்வு வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து அதிகமான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. உங்கள் வீடு அதற்கு முன் கட்டியது. இருக்கிற குறுக்குச் சுவரைக் குறைப்பதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

எஞ்சினியர் வேண்டுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சுவர், சீலிங் கம்பி, விரிசல் ஆகிய மூன்றுக்கும் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கட்டாயம் வேண்டும். வந்து பார்த்து எழுதித் தருவதற்கு அவர் வாங்கும் கட்டணம் உங்கள் மொத்தச் செலவில் சிறிய பங்கு. டைல்ஸ், பிளம்பிங், பூச்சு இவற்றுக்கு நம்பிக்கையான மேஸ்திரி தாராளமாகப் போதும். விரிசலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு பழைய வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. உடையாமல் இருந்தால் மூடிவிட்டு பெயிண்ட் அடிக்கலாம்.

அடுத்து பாத்ரூம். இதில்தான் அதிகப் பணம் வீணாவதைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறோம், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்பார்கள். கசிவே இல்லாத பாத்ரூமில் அது சரி. கசியும் பாத்ரூமில் அது எதையும் தீர்க்காது. தண்ணீர் பெரும்பாலும் கசிவது நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், கிளாசெட் குழாயைச் சுற்றி, அப்புறம் சுவரும் தரையும் சேரும் மூலையில். இந்த மூன்று இடங்களும் டைல்ஸுக்கு அடியில் இருக்கின்றன. எனவே தளம் வரை உடைத்து, குழாயைச் சுற்றி சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் குழம்பு) ஊற்றி அடைத்து, மூலைகளை வளைவாகப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கோட் கொடுக்க வேண்டும். அதைச் சுவரில் ஓர் அடி மேலே ஏற்றுங்கள், ஷவர் இருக்கும் பக்கம் ஆறடி வரை ஏற்றுங்கள்.

பிறகு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ட்ராப்பை இறுக அடைத்து, வாசலில் சின்ன வரப்புக் கட்டி, மூன்று நாலு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம் அப்படியே விடுங்கள். கீழ் அறை சீலிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியவில்லை என்றால்தான் டைல்ஸ்காரர் உள்ளே வரலாம். "எதுக்கு சார் ரெண்டு நாள் வேஸ்ட்" என்று கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டியபின் கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டைல்ஸ் வேலை முடிந்ததும் மூலைக்கு மூலை ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நூறு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலமாவது இறக்கம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடும்.

பெற்றோர் புழங்கும் கீழ் பாத்ரூமை அவர்களின் அடுத்த பதினைந்து வருடத்தை மனதில் வைத்துச் செய்யுங்கள். கதவு நிலை மூன்றடி அகலம் இருந்தால் வாக்கரோடு உள்ளே போகலாம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வையுங்கள். கிளாசெட் பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் பிடிமானக் கம்பி வேண்டும். எங்கே வரப்போகிறது என்பதை டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவரில் குறித்து, அந்தப் பாதையில் தண்ணீர்க் குழாய் வராதபடி பிளம்பரிடம் சொல்லுங்கள். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், கடையில் ஈரக் காலோடு நின்று பார்த்து வாங்குங்கள். இத்தாலியன் ஷவரைவிட இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

குழாய் வேலையைப் பொறுத்தவரை, பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் உள்ளே துருவும் உப்பும் படிந்து பாதி அடைத்திருக்கும். புதுச் சுவருக்குள் பழைய குழாயை விட்டுவைக்காதீர்கள். பிளாஸ்டிக் குழாய்களில் வெந்நீருக்கு சி.பி.வி.சி., சாதாரணத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. போதும். மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் இரண்டும் இருக்கும் வீடு என்றால், சமையலறைக்கும் குடிநீருக்கும் தனி லைன், பாத்ரூமுக்கு தனி லைன் என்று இப்போதே பிரித்துவிடுங்கள். பின்னால் பிரிப்பது மிகவும் கஷ்டம். சுவரை மூடும் முன் பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மாடித் தளத்தைச் சரிசெய்யும்போது மழைநீர்க் குழாய்கள் இன்னும் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் போகின்றனவா என்றும் பாருங்கள். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது அமைத்த பல தொட்டிகள் மண் மூடிக் கிடக்கின்றன.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக. 1989-ல் ஒரு ஃபேன், டியூப் லைட், டி.வி., ஃபிரிட்ஜ் என்ற கணக்கில் போட்ட ஒயர், இன்றைக்கு மூன்று ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பைத் தாங்காது. தரையையும் சுவரையும் எப்படியும் உடைக்கப் போகிறீர்கள், முழுக்க மாற்றிவிடுங்கள். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் பாயிண்டுகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்பது நாங்கள் பொதுவாகப் போடுவது. எல்லாவற்றுக்கும் எர்த் ஒயர், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டு, எங்கோ மின்சாரம் கசிந்தால், உயிரைக் காப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். மின்வாரியத்தில் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்பதையும் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாடுலர் கிச்சன் கடைசி. கடைசி என்றால் பட்டியலில் கடைசி, திட்டத்தில் முன்பே முடிவாக வேண்டும். சிங்க் எங்கே, அடுப்பு எங்கே, மிக்ஸி, கிரைண்டர், ஆர்.ஓ., சிம்னி எங்கே என்று தெரிந்தால்தான் குழாயும் ஒயரும் போட முடியும். சிங்குக்குக் கீழே உள்ள அலமாரிக்கு மட்டுமாவது தண்ணீர் தாங்கும் பலகை கேளுங்கள், சாதாரண பார்ட்டிகிள் போர்டு அங்கே ஊதிப்போகும். பணம் இழுத்துப் பிடித்தால் கடப்பா கல் தட்டு வைத்த மேடைக்கு முன்னால் வெறும் கதவு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் உழைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

அனுமதி விஷயம். பெயிண்ட், பூச்சு, தரை, டைல்ஸ் போன்ற உள்வேலைகளுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. புது அறை சேர்ப்பது, மாடியில் இன்னொரு தளம் எடுப்பது, சமையலறையைப் பக்கவாட்டுக் காலியிடத்துக்குள் நீட்டுவது என்று போனால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-க்குள் வந்துவிடும், மாநகராட்சியிடமோ சி.எம்.டி.ஏ.விடமோ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) போக வேண்டும். உங்கள் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. சுவர்த் திறப்புக்கு எஞ்சினியர் எழுதித் தருவதைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இதை அடுக்குமாடியில் இருப்பவர்கள் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே தூண், பீம், வெளிச்சுவர், தளம் எல்லாம் எல்லோருக்கும் பொது. சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது.

இனி காலம். ஆவணியில் தொடங்கினால் ஐப்பசிக்கு முன் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மாதம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. ஆகவே மாடித் தளம், வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடு ஆகியவற்றை ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். மழை வந்து அதைச் சோதித்துக் காட்டட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்ரூம், ஒயரிங், தரை என்று உள்வேலை ஓடும். தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போனால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வருவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். புதுப் பூச்சு நன்றாகக் காயாமல் உள்பெயிண்ட் அடிக்கக் கூடாது, மழைக்காலத்தில் காய நாளாகும். வெளிப்பெயிண்ட்டைத் தை, மாசிக்குத் தள்ளுங்கள். பொங்கலுக்குள் வீட்டுக்குள் குடியிருக்கும் நிலைக்கு வந்துவிடலாம், முழு வேலையும் முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சீக்கிரம் முடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், க்யூரிங்கில்தான், அதாவது சிமென்ட் வேலையை ஈரமாக வைத்திருக்கும் நாட்களில்தான், கை வைப்பார்கள். கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள், இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட் என்றால் பத்து நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. வெயில் கொளுத்தும் நாட்களில் இன்னும் கூட. ஈரச்சாக்கு போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுங்கள்.

வீட்டிலேயே இருக்கலாமா? மாடி இருப்பதால் நீங்களும் பிள்ளைகளும் சமாளிக்கலாம். மேலே ஒரு மூலையில் அடுப்பு வைத்து, ஒரு பாத்ரூம் முடிந்தபிறகுதான் அடுத்ததைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் ஓடிவிடும். பெற்றோரை மட்டும் உடைக்கும் வேலையும் தரை வேலையும் நடக்கும் நாட்களில் உறவினர் வீட்டிலோ பக்கத்துத் தெருவில் வாடகைக்கோ தங்கவையுங்கள். சிமென்ட் தூசியும், கிரைண்டரில் டைல்ஸ் அறுக்கும் தூசியும் நுரையீரலுக்கு மிகவும் கெடுதி. இளைப்பு இருப்பவர்களை ஒரு நாள்கூட அதில் உட்காரவைக்கக் கூடாது. அந்த வாடகையையும் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள்.

பணத்தை இப்படி வையுங்கள் என்பேன். 15 லட்சத்தில் இரண்டரை முதல் மூன்று லட்சம் வரை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு, இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டை உடைத்தால் ஏதாவது ஒன்று வெளியே வரும். மீதியில் மாடித் தளம், கம்பி, குழாய், ஒயர், பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் ஆகியவற்றுக்கு விலை வாங்குங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் டைல்ஸுக்கும் கிச்சனுக்கும். அங்கே பற்றாக்குறை வந்தால் மாடித் தரையையோ கிச்சன் அலமாரிகளையோ அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மேஸ்திரியோடு பேசும்போது ஒவ்வொரு வேலைக்கும் அளவு, பிராண்ட், ரேட், பொருள் யார் வாங்குவது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உடைத்த கழிவை அள்ளிப் போவது, சாரம், கடைசிச் சுத்தம், டைல்ஸை மாடிக்கு ஏற்றும் கூலி ஆகியவை யார் கணக்கு என்பதையும் சேருங்கள், சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான். கல்லை அரைத்துச் செய்யும் மணலில், பூச்சு வேலைக்கு நைசான பி-சாண்ட், கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட் என்று எழுதுங்கள். நடுவில் கூடுதல் வேலை வந்தால், தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் ரேட் வரட்டும். முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தக் கட்டத்துக்கான பணத்தை உடனே கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாத மேஸ்திரி திங்கட்கிழமை வேறு வீட்டுக்குப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. மொத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் மட்டும், மாடியும் பாத்ரூமும் ஒரு மழையைப் பார்க்கும் வரை நிறுத்திவைப்பதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியை லாஃப்டில் போட்டு வையுங்கள், ஐந்து வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது. குழாயும் ஒயரும் போட்டபின், பூச்சு மூடுவதற்கு முன், சுவரில் அளவு டேப்பை விரித்துப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து, அறை பெயரோடு ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். நாளைக்குச் சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பீர்கள். சீலிங், சன்ஷேடு, நடுச்சுவர் மூன்றின் படங்களையும், சுவரின் கனத்தையும் இங்கே போட்டால், ஐ-பீம் தேவைப்படுமா என்பது பற்றி இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும்.